கோதுமை ஓடின கல்

முன்னால் நிற்கிறவள் பத்துக் கிலோ கோதுமை கொண்டுவந்திருந்தாள். பத்துக் கிலோவையும் ஒரே நாளில் அரைத்துக்கொண்டு போய் அப்படி என்னதான் சுட்டுத் தள்ளப் போகிறாளோ என்று மங்கைக்கு எரிச்சல் வந்தது. வந்த வேகத்தில் போயும்விட்டது. எரிச்சல்படவும் கொஞ்சம் தெம்பு வேண்டுமே, அது அவளிடம் விடிகாலையிலேயே தீர்ந்துபோயிருந்தது. உறையூரில் பக்கிரிசாமியின் மாவு மில்லில் மாவுக்கு ஒரு மிஷின், மிளகாய்க்கு ஒரு மிஷின், அவ்வளவுதான். காலையில் அரிசிக்காரர்கள், அப்புறம் கேழ்வரகு, கோதுமை கடைசியில் என்று அவர் ஒரு வரிசை வைத்திருந்தார், அந்த வரிசையே மங்கைக்காக ஏற்பட்டதுதான், பதினோரு மாதமாக நடக்கிறது. ஒன்பது மணிக்குள் வந்துவிட்டால் வம்பில்லை. இன்றைக்கு மகள் ஆதிரை ஸ்கூல் வேனில் ஏறாமல் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள், ஆறு வயசுப் பிள்ளையின் விரலை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்து ஏற்றி அனுப்புவதற்குள் மணி ஒன்பதே முக்கால். இங்கே கோதுமை ஓட ஆரம்பித்துவிட்டது. இனி அந்தப் பத்துக் கிலோ முடிந்து, பக்கிரிசாமி கல்லைத் தட்டிப் பெருக்கி, மங்கையின் அரிசியிலேயே ஒரு பிடியை ஓட்டி, அந்த மாவைக் கோலமாவு டின்னில் கொட்டிவிட்டு, அதற்கப்புறம்தான் ஆதிரைக்கு அரைக்க வேண்டும். ஒரு சிட்டிகை கோதுமை கலந்துவிடக் கூடாது. இதை அவருக்குப் புரியவைப்பதற்குள் அவள் பட்ட பாடு இருக்கிறதே. ஆட்டிசம் இருக்கிற பிள்ளைண்ணே, கோதுமை ஆகாது என்று முதல் நாள் சொன்னபோது, ஆகாதுன்னா உடம்பு அரிக்குமா என்று கேட்டார். அரிக்காது. வாந்தி வருமா என்றார். வராது. பிறகு என்னதான் பண்ணும் என்றார். மங்கை என்னமோ சொன்னாள், என்ன சொன்னாள் என்று அவளுக்கே இப்போது ஞாபகமில்லை, மனுஷன் தலையை ஆட்டிக்கொண்டார், அன்றையிலிருந்து ஒரு தடவைகூடத் தவறியதில்லை. எதுக்குன்னே தெரியாமல் ஒருத்தர் நமக்காக இவ்வளவு செய்கிறாரே என்று அவள் அடிக்கடி நினைத்துக்கொள்வாள். 

மடியில் போன் அதிர்ந்தது. யாரென்று பார்க்கவே வேண்டாம், சகாயமேரிதான். மணப்பாறைப் பெண், நேரில் பார்த்ததில்லை, குரல்தான் பழக்கம். 'நம்ம தட்டு' என்கிற வாட்ஸ்அப் குரூப்பில் அவள் சேர்ந்து எட்டு நாள் ஆகிறது. நூற்றறுபது பேர் இருக்கிற குரூப், அத்தனை பேரும் ஆட்டிசம் இருக்கிற பிள்ளைகளைப் பெற்றவர்கள், பாலையும் கோதுமையையும் நிறுத்திப் பார்த்தால் பிள்ளைக்குக் கொஞ்சம் தேவலையாகாதா என்று தவிக்கிறவர்கள். பாலில்லாமல் பாயசம் எப்படி வைப்பது, எந்தக் கடை இட்லியில் ரவை கலக்கிறான், பிறந்தநாள் வீட்டில் கேக்கைப் பார்த்து அழுதால் என்ன செய்வது என்று நாள் முழுக்கப் பேச்சு ஓடிக்கொண்டிருக்கும். அதை நடத்துகிற மூன்று பேரில் மங்கை ஒருத்தி. மங்கையர்க்கரசி என்று முழுப் பெயர் சொன்னால் அங்கே யாருக்கும் தெரியாது, மங்கையக்கா என்றால்தான் தெரியும். அந்த மங்கையக்காவைத்தான் சகாயமேரி காலையிலிருந்து கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். மங்கை போனைக் காதில் ஒட்டிவைத்து நாலாவது தடவையாக அந்த வாய்ஸ் மெசேஜைக் கேட்டாள். "அக்கா, ஜெனிக்குக் காலைல பால் குடுக்கலக்கா. நேத்து நீங்க போட்ட மெசேஜைப் பாத்துட்டு நிறுத்திட்டேன். அழுதுக்கிட்டே இருக்கா. வேற எதையும் வாயில வைக்க மாட்டேங்குறா. நீங்க சரின்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, நான் மனசைக் கல்லாக்கிக்குறேன்." மிஷின் சத்தத்தில் தாயின் பேச்சு பாதிதான் கேட்டது, பின்னால் பிள்ளை அழுவது முழுசாகக் கேட்டது. மூன்றரை வயசு. ஒரு நாளைக்கு ஐந்து டம்ளர் பால், அதைத் தவிர வேறு எதுவும் அந்தப் பிள்ளை உடம்பில் சேராது, சோறென்றால் ஓடும், பழமென்றால் துப்பும், அதையெல்லாம் சேர்ந்த அன்றைக்கே சகாயமேரி சொல்லியிருந்தாள். மங்கை பதில் எழுத விரலை வைத்தாள். 'மு' என்று ஒரு எழுத்துத்தான் அடித்தாள், மிச்சத்தைப் போனே எடுத்துக் கொடுத்தது. முதல் பத்து நாள் அப்படித்தான் இருக்கும், விட்டுக்கொடுத்துடாதீங்க. எத்தனை பேருக்கு எழுதியிருந்தால் போனுக்கே மனப்பாடம் ஆகியிருக்கும். அனுப்பு என்பதை அழுத்த வேண்டியதுதான் பாக்கி, ஆனால் விரல் போகமாட்டேன் என்றது, ஏனென்றால் இன்னொரு கையில் அந்தப் பெருங்காய டப்பா இருந்தது.

சனியன் பிடித்த டப்பா. சாம்பார்ப் பொடிக்கு மல்லியும் மிளகாயும் பருப்பும் வறுத்து எடுத்து வந்தவள், பெருங்காயம் தீர்ந்துபோனது ஞாபகம் வந்து முக்குக் கடையில் வாங்கினாள். எப்போதும் அவள் வாங்குவதில்லை. மாசச் சாமானோடு புருஷன் இளஞ்செழியன் வாங்கிவருவான், வந்ததும் வராததுமாக எவர்சில்வர் சம்படத்தில் கொட்டிவிட்டு டப்பாவைத் தூக்கிப் போட்டுவிடுவான், அது அந்த மனுஷனின் சுத்தம். இன்றைக்குத்தான் முழு டப்பா அவள் கைக்கு வந்தது. வந்ததா, சும்மா கிடக்காத கை அதைத் திருப்பியது, சும்மா கிடக்காத கண் படித்தது. எதை எடுத்தாலும் திருப்பிப் பின்பக்கத்தைப் படிக்கிற வியாதி அவளுக்கு. பிஸ்கட், சாஸ், காய்ச்சல் சிரப், பற்பசை வரைக்கும் படித்தவள். கடையில் பின்னால் நிற்கிறவர்கள் உச்சுக்கொட்ட உச்சுக்கொட்டப் படித்தவள். பெருங்காயத்தை மட்டும் படிக்கத் தோன்றியதே இல்லை. யாருக்குத் தோன்றும்? பச்சைப் பிள்ளைக்கு வயிறு உப்பினால் உரைத்துத் தொப்புளைச் சுற்றித் தடவுகிற சாமான், அதற்குள் என்ன இருக்கும், பெருங்காயம்தான் இருக்கும். எறும்பு ஊர்கிற மாதிரி எழுத்து. கோந்து என்று இருந்தது. அடுத்து கோதுமை மாவு என்று இருந்தது. அதற்கப்புறம்தான் பெருங்காயமே வந்தது. மங்கை கண்ணைக் கசக்கிவிட்டு மறுபடி படித்தாள். டப்பாவை வெளிச்சத்துக்குக் காட்டிப் படித்தாள். கோதுமை மாவு கோதுமை மாவாகவே இருந்தது.

தினம் ரசம். ஒன்றுவிட்டு ஒரு நாள் சாம்பார். சாம்பார்ப் பொடியிலேயே பொரித்து அரைத்தது ஒரு பங்கு, தாளிக்கும்போது மேலே ஒரு பங்கு. பதினோரு மாதம். இங்கே உட்கார்ந்து கல்லைத் துடை, ஒரு பிடி ஓட்டு, இன்னொரு பிடி ஓட்டு என்று பக்கிரிசாமியின் உயிரை வாங்கியது என்ன, வீட்டில் அவள் கையாலேயே சிட்டிகை சிட்டிகையாகக் கோதுமையை எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தது என்ன. பிள்ளைக்கு வயிறு சரியில்லாத நாளில் இரண்டு சிட்டிகை கூட. அதோடு விட்டாளா? குரூப்பில் புதிதாக வருகிறவர்களுக்கெல்லாம் அனுப்பவென்று பதினாலு குறிப்பு எழுதி வைத்திருக்கிறாளே, அதில் பதினோராவது என்ன? மோர், தயிர் நிறுத்துவதால் ஜீரணத்துக்குப் பெருங்காயம் தாராளமாகச் சேர்க்கவும். தாராளமாக. அந்த வார்த்தையை யோசித்து யோசித்துப் போட்டது நன்றாக ஞாபகம் இருந்தது, 'கொஞ்சம் கூட' என்று முதலில் எழுதி அதை அடித்துவிட்டு 'தாராளமாக' என்று போட்டாள். நூற்றறுபது வீட்டு அடுப்படி. மங்கைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாய்விட்டுச் சிரித்தாள். கோதுமைக்காரி திரும்பிப் பார்த்தாள், மங்கை இருமுகிற மாதிரி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள், பொத்திய இடத்தில் முந்தானை ஈரமாகிக்கொண்டிருந்தது, எப்போது அழுகையாக மாறியது என்று அவளுக்கே தெரியவில்லை.

சரி, அப்படியென்றால் அதெல்லாம் எதனால்? முழங்கையைக் கடித்துக்கொள்வதை ஆதிரை நிறுத்தினாளே, மூன்றாவது மாதம், அது எதனால்? ராத்திரி முழுக்கத் தூங்க ஆரம்பித்தாளே, கண்ணைப் பார்த்து டம்ளரை நீட்டினாளே, செருப்பைத் தானாகப் போட்டுக்கொண்டாளே, இடது காலும் வலது காலும் மாற்றித்தான், இருந்தாலும் போட்டுக்கொண்டாளே. எல்லாவற்றையும் மங்கை சாப்பாட்டுத் தட்டின் கணக்கில்தான் எழுதினாள். பாருங்க, கோதுமையை நிறுத்தினேன், செருப்புப் போடுறா. நல்ல நாள் என்றால் சாப்பாட்டால், கெட்ட நாள் என்றால் யாரோ எதையோ ஊட்டிவிட்டதால். அரை பிஸ்கட்டுக்காக நாத்தனாரோடு சண்டை போட்டு நாலு மாதமாகப் பேச்சில்லை. அந்தப் பிஸ்கட் தின்ற அன்றைக்கும் வீட்டில் ரசம்தானே. கடவுளே, அன்றைக்கும் ரசம்தான். நாத்தனார் பாவம், பிள்ளை கையை நீட்டுச்சு அண்ணி, எப்படி இல்லேன்னு சொல்றதுன்னு தெரியல என்று அழுதாள், அதற்கு மங்கை என்னென்ன சொன்னாளோ. இத்தனையிலும் பிள்ளை எங்கே இருந்தாள்? ஆறு வயசு ஆகும்வரை ஒவ்வொரு நாளும் காலையில் எழுந்து, இந்தச் சத்தமும் வெளிச்சமும் ஆட்களுமாக இருக்கிற உலகத்தோடு மல்லுக்கட்டி, ஒரு செருப்பைக் காலில் மாட்டக் கற்றுக்கொண்டது ஆதிரை இல்லையா? அவள் செய்ததையெல்லாம் பிடுங்கி அரிசி மாவுக்குக் கொடுத்தது யார்? 

இல்லை, அவசரப்படக் கூடாது. கோதுமை போகட்டும். பாலை நிறுத்தினோமே, அது உள்ளதுதானே, அதில் பெருங்காயம் ஒன்றும் கெடுக்கவில்லையே? அதனால் தேறியிருக்கலாம் அல்லவா? திருவெறும்பூர் ரசியா மகனுக்குப் பாலை நிறுத்தியதும் வயிற்றுப்போக்கு நின்றது பொய்யா? பொய்யில்லை. ஆனால் ரசியா டாக்டரிடம் காட்டி, பால் அவனுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று தெரிந்துகொண்டு, மாற்றாக என்ன கொடுப்பது என்று எழுதி வாங்கிக்கொண்டு வந்து நிறுத்தினாள். அவள் பிள்ளை வேறு, வயிறு வேறு. மங்கை யாரிடம் கேட்டாள்? போன மாதம் ஆஸ்பத்திரியில் எடை பார்த்த அந்த வயசான டாக்டர், போன வருஷத்துச் சீட்டையும் இந்த வருஷத்துச் சீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு, வளர்ற பிள்ளை ஒன்றரைக் கிலோ இறங்கியிருக்காளே, பால் தயிரை யார் நிறுத்தச் சொன்னது என்று கேட்டார். ஒரு குரூப்பில் சொன்னாங்க சார் என்றாள் மங்கை. குரூப்பில் யார் சொன்னது? நீதானேடி சொன்னது என்று அவள் மனசே குத்திக்காட்டியது. மூக்குக்கண்ணாடிக்கு மேலாக அவர் பார்த்த பார்வை இப்போதும் முதுகில் இருந்தது. வீட்டுக்கு வந்து இளஞ்செழியனிடம் எடை பரவாயில்லை என்று சொல்லிவிட்டாள். அவன் பிள்ளையின் மணிக்கட்டைத் தன் விரலால் வளைத்துப் பார்த்தான், அவ்வளவுதான். பேசியிருந்தால் சண்டை போட்டிருக்கலாம்.

மறுபடி போன். சகாயமேரி இந்தத் தடவை எழுதியிருந்தாள். அக்கா இருக்கீங்களா. அவ்வளவுதான். மங்கை கண்ணை மூடிக்கொண்டாள். மூடினால் மாடிவீட்டுப் பெண்ணின் அடுப்படி வந்தது. அது வேண்டாம், அந்தப் பக்கம் போகவே கூடாது என்று நாலு மாதமாக ஒதுக்கிவைத்திருந்தாள், ஒதுக்கிவைத்தது எங்கேயும் போகாமல் அங்கேயே உட்கார்ந்திருந்தது. மாசி மாதம், ஒரு வியாழக்கிழமை. மாடியில் குடியிருக்கிற பெண் மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தாள், கதவு திறந்திருந்தது, ஆதிரை படியேறிப் போய் வாசலில் நின்றுகொண்டாள், பின்னாலேயே மங்கையும் ஓடினாள். அந்தப் பெண் சட்டியிலிருந்து கரண்டியால் மொண்டு சோற்றில் ஊற்றினாள். ஆதிரை பார்த்தாள். ஐந்தரை வருஷம் ஒரு வார்த்தை பேசாத பிள்ளை, பேசும் என்று யாரும் உறுதி சொல்லாத பிள்ளை, வாயைத் திறந்து சொன்னாள். தயிர். சுத்தமாக, கடைசி எழுத்துவரைக்கும். மங்கை அப்படியே பிள்ளையை வாரி எடுத்துக்கொண்டு அழுதாள், மாடிவீட்டுப் பெண்ணும் அழுதாள். ஆதிரை மட்டும் அழவில்லை, அவளுக்கு வேலை இருந்தது, இடுப்பிலிருந்து நழுவி இறங்கி, அம்மாவின் கையைப் பிடித்துச் சட்டிப் பக்கம் இழுத்தாள். இன்னொரு தடவை சொன்னாள். தயிர். இவர்களுக்குப் புரியவில்லையோ என்று நினைத்திருப்பாள் போல, மூன்றாவது தடவை கொஞ்சம் மெதுவாகச் சொன்னாள். மாடிவீட்டுப் பெண் ஒரு கிண்ணத்தை எடுத்தாள், மங்கை வேண்டாம் என்று கையைக் காட்டினாள். ஏழு மாசம் கட்டிக்காத்தது கெட்டுப்போய்விடுமே. கீழே தூக்கிவந்து, நிலக்கடலைப் பாலில் தயிர் மாதிரி தோய்த்து வைத்திருந்த வெள்ளையை ஊற்றிக் கொடுத்தாள். ஆதிரை மோந்து பார்த்தாள். கிண்ணத்தைத் தரையில் வைத்தாள், கோபமாகக்கூட இல்லை, பத்திரமாக வைத்தாள். அன்று சாயங்காலம் மங்கை குரூப்பில் போட்டாள், ஆதிரை பேசிவிட்டாள், எல்லாம் சாப்பாட்டை மாற்றியதால்தான். என்ன சொன்னா, என்ன சொன்னா என்று வரிசையாகக் கேட்டார்கள்.  மங்கை 'அம்மா' என்று எழுதினாள். குரூப் முழுக்கச் சிவப்பு இதயமாக வந்து விழுந்தது. அதைப் பார்த்துத்தான் அன்றைக்கு மட்டும் ஒன்பது பேர் பாலை நிறுத்தினார்கள். ஆதிரை அதற்கப்புறம் பத்துப் பதினைந்து நாள், சாப்பாட்டு நேரத்துக்குச் சரியாக, தயிர் என்று சொல்லிப் பார்த்தாள். கிடைக்கவில்லை. பிறகு சொல்வதை நிறுத்திவிட்டாள். வேறு வார்த்தையும் வரவில்லை. பேசினால் கிடைக்கும் என்றல்லவா உலகத்தில் எல்லாப் பிள்ளையும் பேசக் கற்றுக்கொள்கிறது.

மிஷின் நின்றது. நின்றதும் காதுக்குள் ஒரு வெறுமை, தெருவில் போகிற சைக்கிள் மணிகூடக் கேட்டது. கோதுமைக்காரி சூடான மாவை மூட்டையாகக் கட்டிக்கொண்டு கிளம்பினாள். பக்கிரிசாமி கல்லைத் தட்டினார், இரண்டு பக்கமும் தட்டினார், புருவமெல்லாம் மாவு. "தங்கச்சி, உன் அரிசில ஒரு பிடி எடுத்துக்கிறேன்" என்றார் வழக்கம்போல.

"வேணாம்ணே. அப்படியே போடுங்க" என்றாள் மங்கை.

அவருக்குச் சரியாகக் கேட்கவில்லை என்று நினைத்துக்கொண்டார். இது கோதுமை ஓடின கல்லும்மா என்றார். தெரியும்ணே என்றாள். அவர் அவள் முகத்தைப் பார்த்தார், கையிலிருந்த டப்பாவைப் பார்த்தார். பார்த்துவிட்டு ஒரு பிடி அரிசியை எடுத்து ஓட்டினார், பிள்ளை சாப்பிடுறது, இருக்கட்டும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். மறுபடி சத்தம் கிளம்பிவிட்டது. மங்கை போனை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள், பஞ்சர் கடை தாண்டி, சத்தம் குறைகிற இடம்வரைக்கும் நடந்தாள். விட்டுக்கொடுத்துடாதீங்க என்று போன் எழுதி வைத்திருந்ததை ஒவ்வொரு எழுத்தாக அழித்தாள். அப்புறம் பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டு பேசினாள்.

"மேரி, பாலைக் குடு. இப்பவே காய்ச்சிக் குடு, மத்ததெல்லாம் அப்புறம். நிறுத்தித்தான் பாக்கணும்னா டாக்டர்கிட்ட எடை பாத்து, அவரு சொன்னா யோசிப்போம், அதுவும் வேற எதாவது அவ சாப்பிடக் கத்துக்கிட்ட பிறகு. என்னைக் கேட்டு நிறுத்தாத. எனக்குத் தெரியல மேரி. எனக்கு ஒண்ணும் தெரியாது. ஆதிரை அம்மான்னு சொல்லல. தயிர்னு சொன்னா. நான் குடுக்கல."

கையை எடுத்ததும் அது போய்விட்டது, திரும்பப் பிடிக்க முடியாது. அதையே குரூப்பிலும் போட்டாள், போட்டுவிட்டுப் பெருங்காய டப்பாவின் பின்பக்கத்தைப் படம் எடுத்து அதையும் போட்டாள், பதினோராவது குறிப்பு தப்பு என்று எழுதினாள். யார் என்ன சொல்வார்கள் என்று நினைத்துப் பார்க்கக்கூட அலுப்பாக இருந்தது. திட்டுவார்கள், திட்டட்டும், அந்த ஒன்பது பேரைத் தனித்தனியாகக் கூப்பிட்டுப் பேச வேண்டும், நாத்தனாருக்கும் பேச வேண்டும், எல்லாவற்றுக்கும் முன்னால் இளஞ்செழியனிடம் எடையைச் சொல்ல வேண்டும். மில்லுக்குத் திரும்பினால் மாவு தயாராக இருந்தது. வாளியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள், மாவுச் சூடு வயிற்றில் பட்டது. போன் அதிர்ந்தது. சகாயமேரியின் வாய்ஸ் மெசேஜ், ஏழு விநாடி. காதில் வைத்தாள். பேச்சே இல்லை. மடக் மடக்கென்று ஒரு சத்தம், நடுவில் மூச்சு வாங்குவது, மறுபடி மடக் மடக்.

பால் பூத்தில் கூட்டமில்லை. மங்கை போய் நின்றாள், அந்த வார்த்தையைச் சொல்லியே பதினோரு மாதம் ஆகிவிட்டிருந்தது. தயிர் இருக்கா என்றாள். இருந்தது. கால் லிட்டர் கேட்டாள், அப்புறம் அரை லிட்டராகக் குடுங்க என்றாள். பாக்கெட் சில்லென்று கையில் உட்கார்ந்தது. ஸ்கூல் விட இன்னும் ஒன்றரை மணி நேரம் இருந்தது, போய்ச் சோறு வடிக்க வேண்டும், குழைய வடித்தால்தான் அவளுக்குப் பிடிக்கும், முன்பெல்லாம் அப்படித்தான் பிடிக்கும். பிள்ளை கேட்டு நாலு மாதம் கழித்துக் கொண்டுபோகிறோம், வாங்கிக்கொள்வாளா என்று பயமாக இருந்தது.